பாம்பன் வாய்க்கால் தெரியாத மாடலை வைத்துக் கடலைப் படிப்பது எப்படி?

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த, பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு மாணவி ஒருவரின் கேள்வி இது. கடல் நீரோட்டம், காலநிலை மாடல் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறார். என்ன படிப்பது, எங்கே சேர்வது, அந்த வேலையில் அன்றாடம் என்னதான் செய்வார்கள் என்று கேட்கிறார். கூடவே ஒரு சந்தேகம். ஃபோனில் வரும் நீரோட்ட வரைபடம் பாம்பனில் ஒன்றுமே காட்டுவதில்லை. சில நாள் நேர் எதிர்த்திசையைக் காட்டுகிறது. "இதை நம்பி எவன் வலை விடுவான்" என்று அவருடைய அப்பா சிரிக்கிறாராம். நாளைக்குப் பாம்பனில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரியாத மாடல், 2100-இல் கடல் எப்படி இருக்கும் என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு விடை பிடிபட்டால் எதைப் படிக்க வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

மாடல் என்பது கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எப்படி ஓடும் என்று கணக்கிடும் கணினி நிரல். உலகக் கடல் முழுவதற்கும் தினசரி முன்கணிப்பு தரும் மாடல்களில் பரவலாக இருக்கும் கட்ட அளவு, ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் பக்கம் அது ஏறத்தாழ 9 கி.மீ. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ள நீர்வழியின் அகலமோ சுமார் 2 கி.மீ. ஒரு கட்டம் நிலமாக இருக்கலாம் அல்லது கடலாக இருக்கலாம். பாதி பாதி கிடையாது. நிலம் என்று முடிவாகிவிட்டால் வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) அங்கே தொடர்பு அறுந்துபோகும். கடல் என்று முடிவானால் 2 கி.மீ. வாய்க்கால் 9 கி.மீ. வாய்க்காலாகிவிடும். இரண்டுமே தப்புதான்.

ஆழத்தில் இன்னொரு சிக்கல். பாக் நீரிணைக்குத் தெற்கே உள்ள வடகடல் முழுவதும் சராசரியாக 9 மீட்டர் ஆழம்தான். மாடல் கவிழாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் குறைந்தபட்ச ஆழம் என்று ஒன்றை வைப்பது வழக்கம். அதை 10 மீட்டர் என்று வைத்துவிட்டால், பாக் விரிகுடாவின் பெரும்பகுதி தட்டையான 10 மீட்டர் தொட்டியாகிவிடும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 30 கி.மீ. நீளும் மணல் திட்டுகளில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். மாடலில் அவை ஒன்று மூழ்கிப் போயிருக்கும், இல்லை சுவராக எழும்பியிருக்கும். காலநிலை மாடல்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பாகைக் கட்டம் என்றால் 110 கி.மீ. இலங்கையே அகலத்தில் இரண்டு கட்டம், நீளத்தில் நான்கு கட்டம். பழைய மாடல்கள் பலவற்றில் மேலடுக்கின் தடிமன் மட்டுமே 10 மீட்டர். பாக் விரிகுடா மொத்தமும் அந்த ஒற்றை அடுக்குக்குள் அடங்கிவிடும்.

ஆக உங்கள் அப்பா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாடல் கட்டியவர்கள் ஏமாளிகள் அல்ல. வாய்க்காலை ஏன் விட்டார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பாம்பன் வாய்க்கால் 2 கி.மீ. அகலம், சராசரி 2 மீட்டர் ஆழம், வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் என்று வையுங்கள். விநாடிக்கு 2,400 கன மீட்டர் தண்ணீர் போகிறது. மணல் திட்டுகளுக்கு இடையில் திறந்த அகலம் 25 கி.மீ., ஆழம் 2 மீட்டர், வேகம் 0.3 என்று தாராளமாகவே வைத்தால் 15,000. இரண்டும் சேர்ந்து 17,400. இனி இலங்கைக்குத் தெற்கே பாருங்கள். வாடைக் காலத்தில் வங்கக் கடலிலிருந்து மேற்கே போகும் பருவமழை நீரோட்டம் சுமார் 10 ஸ்வெர்ட்ரப், அதாவது விநாடிக்கு 1 கோடி கன மீட்டர். நம் வாய்க்கால்கள் எல்லாம் சேர்ந்து அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியப் பெருங்கடலின் வெப்பக் கணக்கைப் பார்ப்பவருக்குப் பாம்பன் அடைந்திருந்தாலும் திறந்திருந்தாலும் விடை மாறாது. மண்டபத்தில் மீன்பிடிப்பவருக்கு அந்த 2,400 கன மீட்டர்தான் எல்லாம். மாடலில் எதை விடலாம் என்பது கேள்வியைப் பொறுத்தது. இந்தத் தொழிலில் பெரிய தப்புகள் பலவும் வருவது, ஒரு கேள்விக்காகக் கட்டிய மாடலை எடுத்து வேறு கேள்விக்கு விடை சொல்ல வைக்கும்போதுதான்.

இனி தண்ணீர் ஏன் அப்படி ஓடுகிறது என்பது. வாடைக் காலத்தில் இரண்டு காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி வந்து, வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீரை இழுத்து வருகிறது. வடகிழக்குக் காற்று பாக் விரிகுடாவின் தண்ணீரைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளுகிறது. காற்று விநாடிக்கு 8 மீட்டர் வீசினால் கடற்பரப்பின் மேல் அதன் இழுவை சதுர மீட்டருக்கு சுமார் 0.1 நியூட்டன். இதை நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம் மூன்றாலும் வகுத்தால் நீர்மட்டத்தின் சரிவு வரும். 9 மீட்டர் ஆழத்தில் 100 கி.மீ. தூரத்துக்கு அது 11 செ.மீ. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஏத்தத்துக்கும் (கடல் ஏறுவது) வத்தத்துக்கும் (கடல் இறங்குவது) ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லாத கடல் நம்முடையது. இங்கே 11 செ.மீ. பெரிய சங்கதி. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்றும் திரும்பும், வாய்க்காலின் ஓட்டமும் திரும்பும்.

ஆழத்தால் வகுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அதே காற்று 1,000 மீட்டர் ஆழமுள்ள மன்னார் வளைகுடாத் தெற்கில் வீசினால் மட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஏறும். ஆழம் குறைந்த கடலில் காற்றுக்கு வலு அதிகம். புயல் காற்று விநாடிக்கு 30 மீட்டர் என்றால் இழுவை இருபது மடங்குக்கு மேல் போகும், 11 செ.மீ. இரண்டரை மீட்டரை நெருங்கும். வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து வந்த 1964 டிசம்பர் புயல், 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்ததற்கு அடிப்படை இயற்பியல் இதுதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு செ.மீ. உயரும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாம்பனின் இரு பக்கமும் 10 செ.மீ. மட்ட வித்தியாசம், தூரம் 2 கி.மீ. என்றால் வேகம் என்ன? சரிவு தரும் தள்ளலையும் தரை உராய்வையும் சமன் செய்தால் போதும். உராய்வுக் கெழு 0.0025, ஆழம் 2 மீட்டர்; விடை விநாடிக்கு 0.63 மீட்டர். மேலே 0.6 என்று எடுத்தது இதனால்தான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. போகும் தண்ணீரின் அளவு ஆழத்தின் ஒன்றரை மடி விகிதத்தில் மாறும். ஆழத்தை 2 மீட்டருக்குப் பதில் 2.4 என்று எடுத்துவிட்டால் ஆழத்தில் பிழை 20 சதவீதம், நீரின் அளவில் பிழை 31 சதவீதம்.

இந்த 40 செ.மீ. பிழை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கடல் வரைபடத்திலிருந்து. கப்பல் ஓட்டுபவரின் பாதுகாப்புக்காக வரைபடத்தில் ஆழத்தை ஏறத்தாழ மிகத் தாழ்ந்த வத்த மட்டத்திலிருந்து குறிப்பார்கள். மாடலுக்கு வேண்டியது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டையும் மாற்றாமல் அப்படியே ஊட்டுவது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ ஆழத் தொகுப்பின் கட்டம் சுமார் 450 மீட்டர். ஆழ்கடலுக்கு அது நல்ல சரக்கு. கரையோரத்தில் பழைய ஆழ அளவீடுகளுக்கு நடுவே இடைக்கணிப்பு செய்து நிரப்பியவை நிறைய. இல்லாத குழியும் இல்லாத மேடும் தென்படும். படத்தில் வண்ணம் அழகாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் வரைபடத்தோடு புள்ளி புள்ளியாக ஒத்துப் பார்க்காமல் பாக் விரிகுடா மாடலைத் தொடங்குவது வீண். படகிலேயே ஆழம் அளந்து வளர்ந்தவர்கள் இந்த வேலையில் ஒரு படி முன்னால் இருப்பார்கள் என்பது என் கருத்து.

சரி, மாடலைக் கட்டுவதற்கு வருவோம். ரோம்ஸ், ஹைகாம், நெமோ, மாம், எம்.ஐ.டி. மாடல் என்று பல உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை ஏறத்தாழ ஒரே சமன்பாடுகள்தான். சுழலும் புவியில் நீரின் உந்தம், நிறை, வெப்பம், உப்பு ஆகியவற்றின் பாதுகாப்பு விதிகள். கர்க் பிரையன் 1969-இல் வெளியிட்ட கணிப்பு முறையின் பரம்பரையில் வந்தவை இன்றும் ஓடுகின்றன. அதே ஆண்டில் அவரும் சுக்குரோ மனாபேயும் கடலையும் வளிமண்டலத்தையும் ஒரே மாடலில் இணைத்தார்கள். மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எந்த மாடலை எடுத்தாலும் முதலில் கையைக் கடிப்பது நேர அடி, அதாவது மாடல் ஒரு தடவைக்கு முன்னே நகரும் நேரம். ஓர் அலை ஒரு நேர அடிக்குள் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் எண்கள் பெருகிப் பெருகி மாடல் வெடித்துவிடும். மேற்பரப்பு நீள் அலையின் வேகம், புவியீர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். 9 மீட்டரில் அது விநாடிக்கு 9.4 மீட்டர், 1 கி.மீ. கட்டத்துக்கு 106 விநாடி வரை தாங்கும். 2,000 மீட்டர் ஆழத்தில் வேகம் 140, 7 விநாடிதான். உங்கள் மாடல் பரப்பின் தெற்கு ஓரத்தில் ஆழமான கட்டம் ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்த மாடலும் 7 விநாடி அடியில் நடக்க வேண்டும். அதனால்தான் மேற்பரப்பு அலையைத் தனியாகச் சிறு அடிகளிலும், விநாடிக்கு 2.5 மீட்டர் அளவில் மெதுவாக நகரும் உள் அலைகளையும் மற்றவற்றையும் 5 நிமிட அடியிலும் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, அடிகள் இரண்டு மடங்கு, செலவு எட்டு மடங்கு. 100 கி.மீ. காலநிலை மாடலை 1 கி.மீ.க்குக் கொண்டுவர 10 லட்சம் மடங்கு கணிப்பு வேண்டும். அதை உலகம் முழுவதுக்கும் 100 ஆண்டுக்கு ஓட்டுவது லேசான காரியம் இல்லை.

அடுத்த பொறி மன்னார் வளைகுடாவின் சரிவு. ரோம்ஸ் போன்ற மாடல்களில் அடுக்குகள் கடல் தரையைத் தழுவிச் சாய்ந்து போகும். ஆழம் குறைந்த இடத்துக்கு இது நல்லது. சரிவு செங்குத்தானால் அழுத்தச் சரிவைக் கணக்கிடுவதில் பிழை வந்து, இல்லாத நீரோட்டம் பிறக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் ஆழ வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள வரம்பு. 20 மீட்டருக்கு அடுத்தது 60 மீட்டர் என்றால் 0.5, ஆகாது. 30 வரை சரி. ஆகவே ஆழத்தை மழுப்புவார்கள், அதாவது பக்கத்துக் கட்டங்களோடு சராசரி எடுத்துச் சரிவைக் குறைப்பார்கள். மழுப்பலில்தான் வினை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் 1 கி.மீ. கட்டத்திலேயே ஒன்றிரண்டு புள்ளிகள்தான். மழுப்பினால் அவையும் கரைந்துவிடும், பாம்பன் வாய்க்காலும் தூர்ந்துவிடும். மழுப்பிய பிறகு திட்டுகளையும் வாய்க்காலையும் கையால் திருத்தி எழுத வேண்டும். அலுப்பான வேலைதான், கணினியிடம் விட முடியாது.

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஏனோ பலர் செய்வதில்லை. காற்று இல்லை, ஓதம் (ஏத்தமும் வத்தமும்) இல்லை, எல்லையில் நீரோட்டம் இல்லை, உப்பும் வெப்பமும் ஆழத்தோடு மட்டும் மாறுகின்றன என்று வைத்து மாடலை 30 நாள் ஓட்டுங்கள். கடல் அசையாமல் இருக்க வேண்டும். சரிவின் மேல் விநாடிக்கு 10 செ.மீ. நீரோட்டம் தோன்றினால் அது முழுக்க மாடலின் பிழை. அதற்கு மேல் காற்றைச் சேர்த்துக் கிடைக்கும் அழகான சுழல்களை நம்ப முடியாது.

எல்லையை எங்கே போடுவது? ராமநாதபுரம் கரையை மட்டும் சின்னப் பெட்டியாக வெட்டி எடுக்க ஆசை வரும். வேண்டாம். வங்கக் கடலின் கரையை ஒட்டி, கரை வலக்கைப் பக்கம் இருக்க, கெல்வின் அலைகள் நாளொன்றுக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடி வருகின்றன. அந்தமான் பக்கம் அடித்த காற்றின் விளைவு சில வாரம் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். அன்று இங்கே காற்றே இல்லாவிட்டாலும் நீரோட்டம் இருக்கும். 2002-இல் ஷங்கர், வினயச்சந்திரன், உன்னிகிருஷ்ணன் மூவரும் எழுதிய பருவமழை நீரோட்டங்கள் பற்றிய நீண்ட கட்டுரை, உள்ளூர்க் காற்றையும் தொலைவுக் காற்றையும் பிரித்துக் காட்டுவதில் இன்றும் முதல் பாடம். ஆகவே இலங்கையை முழுதாக உள்ளே வைத்து, அட்சரேகை 5 முதல் 12 வரை, தீர்க்கரேகை 77 முதல் 84 வரை 1 கி.மீ. கட்டத்தில் ஒரு மாடல். அதற்குள் பாம்பன் சுற்றுவட்டாரத்துக்கு 250 மீட்டரில் இன்னொன்று. வெளி எல்லைக்கு 9 கி.மீ. உலக மாடலின் மட்டம், வேகம், வெப்பம், உப்பு; கூடவே ஓதக் கூறுகள். காற்றுக்கு ஈ.ஆர்.ஏ.5 போன்ற மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளை வானிலை மாடலோடு இணைத்துக் கட்டிய தொகுப்பு), மணிக்கு ஒரு முறை. அதன் கட்டமே 30 கி.மீ. என்பதால் ராமேசுவரம் தீவு அதற்குத் தெரியாது. கரைக்காற்று, கடற்காற்று மாற்றமும் மங்கலாகத்தான் இருக்கும்.

எல்லையில் உங்கள் ஆழமும் வெளி மாடலின் ஆழமும் வேறாக இருந்தால் உள்ளே வரும் நீரின் அளவு கெட்டுப்போகும். ஓரத்துப் பத்துப் பதினைந்து கட்டங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாற்றிச் செல்வார்கள். ஆற்று நீர்க் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. வைகையின் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை வழியாகக் கடலுக்கு. ஆண்டு முழுவதும் ஒரு சராசரி ஓட்டத்தை முகத்துவாரத்தில் கொட்டினால், வராத தண்ணீர் வந்து கடலின் உப்பைக் குறைத்துவிடும்.

மாடல் ஓடிவிட்டது என்பதால் அது சரி என்று ஆகாது. எதோடு ஒத்துப் பார்ப்பது? முதலில் ஓதம், அதன் வீச்சும் நேரமும் தப்பினால் ஆழமோ உராய்வோ தப்பு என்று அர்த்தம். பிறகு வெப்பநிலை, பிறகு உப்பு, கடைசியாக வேகம். கடல்மட்டம் அளக்கும் செயற்கைக்கோள் உயரமானி கரையிலிருந்து சில பத்து கி.மீ.க்குள் நம்பகமாக வேலை செய்யாது. ஆர்கோ மிதவைகள் 1,000 மீட்டரில் மிதந்து, 10 நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி அளந்து மேலே வருபவை. 9 மீட்டர் கடலுக்கு அவை வரவே வழியில்லை. ஆகவே கருவியை நாம்தான் போட வேண்டும்.

இருப்பதில் மலிவான வழி, பாம்பனின் வடக்கிலும் தெற்கிலும் தரையில் இரண்டு அழுத்தமானிகள். அழுத்தத்திலிருந்து நீர்மட்டம், இரண்டின் வித்தியாசத்திலிருந்து ஓட்டம். கேட்க எளிது. ஆனால் நாம் தேடுவதே 10 செ.மீ. வித்தியாசம், இரண்டு கருவிகளின் உயரத்தையும் ஒரே அடிமட்டத்துக்கு ஒரு செ.மீ. துல்லியத்தில் கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொன்றிலும் நீண்டகாலச் சராசரியைக் கழித்துவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்கலாம். அப்போது பருவமாற்றம் தெரியும், நிலையான ஓட்டம் தெரியாது. வளிமண்டல அழுத்தத்தைக் கழிக்க மறந்தால் ஒரு மில்லிபாருக்கு ஒரு செ.மீ. பொய் சேரும். உப்புமானிகள் இந்த வெதுவெதுப்பான நீரில் சில வாரங்களிலேயே பாசியும் கொட்டலசும் ஏறி விலக ஆரம்பிக்கும். கழுவிவிட்டுப் போவதற்கு நாள் ஒதுக்குங்கள். இழுவலை இன்னொரு ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கருவிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. நமக்குச் சுவையான காலமோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது விசைப்படகுகள் கடலில் இருக்கும். கருவி கிடக்கும் இடத்தை ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் உருப்படியான வழி. ரகசியமாகப் போட்டால் வலையோடு வரும்.

இப்போது காலநிலை மாடல். அதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது என்றால், பெரிய பரப்பு, நீண்ட காலம், மாற்றத்தின் திசை. கடல் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குகிறது என்பது பாம்பனைப் பொறுத்ததல்ல. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 பாகை சூடேறியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993–2017-இல் ஆண்டுக்கு 3.3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இந்த அளவு மாற்றத்தின் போக்கை மாடல்கள் பிடிக்கின்றன. கட்டத்துக்குள் அடங்காத சுழல்களையும் கலப்பையும் சூத்திரங்களால் ஈடுகட்டுகிறார்கள். சுழலுக்கு 1990-இல் வந்த ஜென்ட்–மக்வில்லியம்ஸ் முறை, மேலடுக்குக் கலப்புக்கு 1994-இல் வந்த கே.பி.பி. முறை, இப்படி. ஆழ்கடல் நிலைகொள்ள ஆயிரக்கணக்கான ஆண்டு ஓட்ட வேண்டும் என்பதால், கரியமில வாயுவைக் கூட்டாமல் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டமும் செய்து, அதில் மாடல் தானாக எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக் கழிப்பார்கள். தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பல முறை ஓட்டி, இயல்பான தள்ளாட்டம் எவ்வளவு, வெப்பமாதலின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் (ஐ.ஐ.டி.எம்.) புவி அமைப்பு மாடல், உலகின் காலநிலை மாடல்களை ஒப்பிடும் சிமிப்6 திட்டத்தில் பங்கேற்றது. இந்தியாவிலிருந்து அந்த வரிசையில் சேர்ந்த முதல் மாடல் அது.

நம்பக் கூடாத இடமும் உண்டு. நாலைந்து காலநிலை மாடல்களில் நமக்கு அருகிலுள்ள ஒரு கட்டத்தை எடுத்து, 'மன்னார் வளைகுடாவின் 2100 வெப்பநிலை' என்று கோடு வரையும் கட்டுரைகள் வருகின்றன. அந்தக் கட்டத்தில் மன்னார் வளைகுடா இல்லை. பவளம் வெளுப்பது சில வாரக் கடும் வெப்பத்தில். 2010-இலும் 2016-இலும் இங்கே நடந்தது அதுதான். மேற்பரப்பு வழியே சதுர மீட்டருக்கு 50 வாட் கூடுதலாக இறங்கினால் 9 மீட்டர் நீர் ஒரு நாளைக்கு 0.12 பாகை சூடாகும். 50 மீட்டர் கலந்த மேலடுக்கு உள்ள திறந்த கடலில் அது 0.02 பாகைதான். 9 மீட்டர் நீரில் இரண்டு வாரம் காற்று அடங்கினால் ஒன்றரை பாகைக்கு மேல். கோடை உச்ச மாதச் சராசரியைவிட 1 பாகை கூடினாலே பவளத்துக்கு நெருக்கடி என்பதால், இங்கே எல்லாம் காற்றையும் ஆழத்தையும் தண்ணீர் மாறும் வேகத்தையும் பொறுத்திருக்கிறது. சரியான வழி, காலநிலை மாடலிலிருந்து மாற்றத்தை மட்டும் எடுத்து, இன்றைய காற்று, வெப்பக் கோப்புகளின் மேல் சேர்த்து, மேலே சொன்ன 1 கி.மீ. மாடலை ஓட்டுவது. முனைவர் பட்டத்துக்கு நல்ல தலைப்பு வேண்டும் என்றால் இதை எடுங்கள்.

படிப்புக்கு வருகிறேன், இது சுருக்கமாகவே சொல்லக்கூடியது. இயற்பியலோ கணிதமோ பி.எஸ்சி. போதும். அடுத்து எம்.எஸ்சி.; ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் இயற்பியல், அல்லது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), ஆந்திரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கடலியல் சார்ந்த படிப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. நீரோட்ட மாடல்தான் குறி என்றால் இயற்பியல், கணிதம் ஆழமாக உள்ள பக்கம் போவதே நல்லது என்பேன். கடலைப் பின்னால் கற்கலாம், பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைப் பின்னால் கற்பது கஷ்டம். முனைவர் பட்டத்துக்குப் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் வளிமண்டல, கடல் அறிவியல் மையம், கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் (என்.ஐ.ஓ.), ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், புனே ஐ.ஐ.டி.எம்., ஐ.ஐ.டி.களில் டெல்லி, கரக்பூர், சென்னை. நுழைவுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாள், அல்லது கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளின் வளிமண்டல, கடல் அறிவியல் பிரிவு. உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்றால், பெரும்பகுதி லினக்ஸ் திரை முன்னால். மாடல்கள் இன்னும் ஃபோர்ட்ரானில்தான். எழுத வராவிட்டாலும் படிக்கவாவது வர வேண்டும். விடைகளை அலசி வரைய பைத்தானும் ஃபெரெட் என்ற மென்பொருளும். கோப்புகள் நெட்சிடிஎஃப் வடிவில். கப்பல் பயணம் ஆண்டில் சில வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள், கருவி எப்படிப் பொய் சொல்லும் என்று அங்கேதான் தெரியும். முதல் இரண்டு ஆண்டில் கட்டுரை எதுவும் வராது. பட்டம் முடிந்து நிரந்தர வேலை கிடைக்கும் முன் ஒன்றிரண்டு ஒப்பந்தப் பணிகளைத் தாண்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று. பைத்தானில் ஒரு பரிமாண ஆழமற்ற நீர் மாடல் எழுதுங்கள். நீளம் 100 கி.மீ., கட்டம் 1 கி.மீ., ஆழம் 9 மீட்டர், நேர அடி 60 விநாடி, இரண்டு முனையும் அடைப்பு. மட்டத்தைக் கட்டத்தின் நடுவிலும் வேகத்தைக் கட்ட எல்லையிலும் வையுங்கள். ஒவ்வோர் அடியிலும் முதலில் வேகம், அந்தப் புது வேகத்தைக் கொண்டு மட்டம். காற்றிழுவை 0.1, உராய்வுக் கெழு 0.0025. திடீரென்று காற்றைத் திறந்தால் இரு முனைகளின் மட்ட வித்தியாசம் 11 செ.மீ.யைத் தாண்டி இரட்டிப்புக்குப் பக்கம் போய்த் திரும்பி, சுமார் 6 மணி நேரச் சுழற்சியில் ஊசலாடி, சில நாளில் 11-ஐ நோக்கி அடங்கும். அந்த 6 மணி நேரம், நீளத்தின் இருமடங்கை அலை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நேர அடியை 120 ஆக்கிப் பாருங்கள், வெடிக்கும். ஏன் என்று மேலே இருக்கிறது. பிறகு தென்முனையில் ஒரு சின்ன வாய்க்காலைத் திறந்து, அதன் ஆழத்தை 2, 2.4 என்று மாற்றி வெளியேறும் நீரைக் கணக்கிடுங்கள். வாய்க்கால் முழு அகலத்துக்கும் திறந்ததாக எழுதிவிடாதீர்கள். அகல விகிதத்தால் பெருக்க வேண்டும். அறிவியல் அகாதெமிகள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் பட்டியலோடு இந்த நிரலையும் இரண்டு பக்க விளக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.